பிளான்ஃபோர்டின் 1862 வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஓர் உதவி. திருச்சி, அரியலூர் பக்கத்துக் கடற்படிவுப் பாறைகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக எச். எஃப். பிளான்ஃபோர்ட் ஆராய்ந்து, 1862இல் அறிக்கை வெளியிட்டார். அதிலுள்ள வரைபடத்தின் தெளிவான ஸ்கேன் வேண்டும். எனக்குக் கிடைத்த பிடிஎஃபில் தாள் மடிந்த இடத்தில் ஊர்ப்பெயர்களே தெரியவில்லை.

அவர் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரித்த மூன்று பாறைத் தொகுதிகளின் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. போன மாதம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்து ஓடையில் நடந்தபோது துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரான பெலம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவம்) ஒன்று காலடியில் கிடந்தது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழசு! எடுக்காமல் படம் மட்டும் பிடித்துக்கொண்டேன். அந்த இடம் அவருடைய எந்தத் தொகுதிக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன பழைய ஊர்ப்பெயர்களை அடையாளம் காட்ட பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் யாராவது முன்வந்தால் பெரிய உபகாரம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கும் பகுதி, தோண்டுவதில் இந்தப் பாறைகள் அழிந்துபோகலாம், அதனால்தான் இந்த அவசரம்.