ஓலைப்பெட்டியில் சோறு கொண்டுபோவது என் விருப்பம்; அம்மாவுக்கு அது ஏன் வலிக்கிறது?

கேள்வி: விசுவமடு மாணவி

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கடந்த ஒரு வருடமாகச் சில பழக்கங்களை எனக்கென்று வகுத்துக்கொண்டு வாழ்ந்து வருகிறேன். கடையில் சொப்பிங் பை என்னும் பொலித்தீன் பை வாங்குவதில்லை. மதியச் சோற்றை வாட்டிய வாழையிலையில் கட்டி, பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன். அம்மாவின் பழைய சேலைகளில் பையும் சட்டையும் தைத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு இரண்டு உடுப்புக்கு மேல் புதிதாக வாங்குவதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறேன். இவற்றைப் படம் பிடித்து இன்ஸ்டகிராமில் இடுவதும் உண்டு. என்னுடன் படிக்கும் நான்கைந்து பேர் அதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கியிருக்கிறார்கள். நான் எப்படிப்பட்டவள் என்பதைப் பேசிச் சொல்வதைவிட இப்படி வாழ்ந்து சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால், முதல் நாள் அந்தப் பெட்டியை எடுத்தபோது அம்மா ஒன்றும் பேசாமல் புதிய பிளாஸ்டிக் பெட்டியொன்றைக் கொண்டுவந்து என் புத்தகப் பையின் மேல் வைத்தார். நான் அதை எடுக்கவில்லை. அன்று மாலை, "நாங்கள் வழியில்லாமல் செய்ததை நீ வழியிருந்தும் ஏன் செய்கிறாய்? உனக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை என்று ஊர் நினைக்காதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான் செய்வது வெறும் காட்சிக்காகவா என்ற ஐயமும் அதன்பின் வந்துவிட்டது. வன்னியில் வாழ்ந்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1: மாங்குளத்தான்

தங்கச்சி, உங்கள் அம்மாவின் வயதை ஒட்டியவன் என்பதால் அவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

1990க்குப் பின், போரால் வடக்குக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாமே எங்களுக்கு அரும்பொருளாகிவிட்டன. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு எரித்த விளக்கில்தான் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்போம். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தியும் தேய்ந்துபோகும். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தோம். இதையெல்லாம் சூழலைக் காக்கும் வாழ்க்கை என்று யாராவது புகழ்ந்தால் என்னால் ஏற்க முடியாது. எங்கள் கைகளில் வேறு எதுவும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாள்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் வழியாக வெளியேறியபோது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை நான் இரண்டு சொப்பிங் பைகளுக்குள் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தேன். மழையிலும் தண்ணீரிலும் நனைந்த அந்தப் பயணத்தில் அவை நனையாமல் தப்பியதற்கு அந்தப் பொலித்தீன்தான் காரணம். நீங்கள் வெறுக்கின்ற அந்தப் பை எங்களில் பலருக்கு உயிரோடு ஒட்டியிருந்த ஒரு பொருள். புதிய பிளாஸ்டிக் பெட்டியை அம்மா உங்கள் பையின் மேல் வைத்தார் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளைக்குப் புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை அவர் அந்தப் பெட்டியால் சொல்லியிருக்கிறார். சூழலைப் பற்றி அவருக்கு விளக்கப் போகாதீர்கள். அந்தக் காலத்தில் என்னென்ன செய்தார் என்று முதலில் கேளுங்கள்.

மறுமொழி 2: வவுனியா சைக்கிள்

மாங்குளத்தான் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் கேள்வி கேட்ட சகோதரியின் பக்கம் நின்று ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, வவுனியாவில் அரச அலுவலர்கள் முதல் வியாபாரிகள் வரை எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள், எவரும் எவரையும் ஏன் என்று கேட்கவில்லை. பெற்றோல் தாராளமாக வந்ததும் அந்தச் சைக்கிள்கள் மீண்டும் கொட்டிலுக்குள் போய்விட்டன. நான் மட்டும் விடவில்லை. இன்றுவரை வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன், வாரம் ஒருவராவது "மோட்டார் சைக்கிள் பழுதா தம்பி?" என்று கேட்கிறார். வேறு வழி இருக்கும்போது தெரிந்தெடுப்பதுதான் தெரிவு. அது மற்றவர்களின் கண்ணில் படுவதும் அப்போதுதான். லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளாலும் கையிலுள்ள தொலைபேசியாலும் ஓர் இளைஞனை எடைபோடும் இந்தக் காலத்தில், வாங்காமல் விட்ட பொருள்களாலும் ஒருவன் தன்னை வெளிப்படுத்தலாம் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றும் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டியும் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. 2025 நவம்பர் முதல் கடைகளில் கைபிடியுள்ள பொலித்தீன் பை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. ஆனால், பை வேண்டாம் என்று கடைக்காரரிடம் வாய்திறந்து சொல்லும் ஒருவரைப் பார்த்துத்தான் அடுத்தவருக்கும் துணிவு வருகிறது. உங்கள் நண்பர்கள் நான்கைந்து பேர் தொடங்கியது அப்படித்தான்.

ஓர் எச்சரிக்கை: மூங்கில் பற்தூரிகை, உருக்கு உறிஞ்சுகுழாய் என்று குமிழ்த்தாளில் சுற்றிக் கூரியரில் வரும் பொருள்களை வாங்கிக் குவிப்பதும் இப்போது நாகரிகமாகி வருகிறது. அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். அம்மாவின் சேலையில் தைத்த பை அதைவிடப் பல மடங்கு மேல்.

மறுமொழி 3: முள்ளியவளை அக்கா

நான் பனையோலை வேலை செய்பவள். பெட்டி, கடகம், சுளகு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எல்லாம் இழைப்பேன். இளம் பிள்ளைகள் இவற்றைத் தேடி வருவது எனக்கு மகிழ்ச்சி. ஆனால், சிலர் படம் எடுப்பதற்காக ஒரு பெட்டியை வாங்கி, ஒரு மாரி போனதும் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஒரு பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அப்படிச் செய்ய மனம் வராது. குருத்தோலையை வெட்டி, வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்கவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, பதமாக ஈரம் காட்டிய பிறகுதான் இழைக்க உட்காருவோம். ஈரம் குறைந்தால் ஓலை முறியும், கூடினால் காய்ந்தபின் பின்னல் இளகிவிடும்.

பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து வெயில் காட்டினால் போதும். மாரிகாலத்தில் அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். என் அம்மம்மா அப்படித்தான் செய்தார். விளிம்பு கிழிந்தால் எறிய வேண்டாம், நாரால் திரும்பப் பொத்தலாம்.

இன்னுமொரு வேண்டுகோள். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக எத்தனையோ பனைகளைத் தறித்தோம். பனை வளர்ந்து பயன்தரப் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேல் செல்லும். பனம்பழக் காலத்தில் பத்து விதையையாவது உங்கள் வளவு வேலியோரம் புதைத்துவிடுங்கள். அதையும் படம் பிடித்துப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்: விசுவமடு மாணவி

எழுதிய மூவருக்கும் நன்றி. மாங்குளத்தான் ஐயா சொன்னபடி, நேற்றிரவு அம்மாவிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து நான்காக மடித்த ஒரு மஞ்சள் பையை எடுத்துக் காட்டினார். என் பிறப்புச் சான்றிதழ் இத்தனை வருடங்களாக அதற்குள்தான் இருந்திருக்கிறது. அந்தப் பையை இனி எறியச் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

இன்று காலை நான் எழும்பியபோது, அம்மா என் ஓலைப்பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு சரியாகப் பொத்தப்படவில்லை, இது ஒரு மாரிக்கும் தாங்காது என்று சொல்லி, என்னைக் கேளாமலே ஒரு பக்கத்தைப் பிரித்துவிட்டார். அதனால் இன்று சோறு அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில்தான் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.

முள்ளியவளை அக்கா, பொத்துவதற்கான நார் சந்தையில் விலைக்குக் கிடைக்குமா, அல்லது பனைமட்டையை ஊறவைத்து நாங்களே உரிக்க வேண்டுமா? அம்மாதான் கேட்கச் சொன்னார்.