அம்மா ஹைதராபாத்திலிருந்து வருகிறார்கள்: பாண்டியில் இறக்கவா, சென்னையிலா?

மஞ்சக்குப்பத்தான்:
தங்கச்சி வீட்டில் இருக்கும் அம்மா தீபாவளிக்குக் கடலூர் வருகிறார்கள். தனியாக வரணும், முட்டி வலி வேறு. பாண்டி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் இறங்கினால் காரில் ஒரு மணி நேரத்தில் வீடு, சென்னை என்றால் நாலு மணி நேரம் உட்கார்ந்தே வரவேண்டும். ஆனால் பாண்டி விமானத்தை நம்பலாமா? ஆரம்பித்தார்கள், நிறுத்திவிட்டார்கள் என்றே காதில் விழுகிறது.

லாஸ்பேட்டைவாசி:
காதில் விழுந்தது சரிதான். 2013 ஜனவரியில் புது டெர்மினல் திறந்து பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் வந்தது, அடுத்த வருடமே நின்றது. 2017இல், சின்ன ஊர்களுக்கும் மலிவாக விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு விட்டார்கள், கொரோனாவில் ஒரு வருடம் படுத்தது, எழுந்தது, 2024இல் மறுபடி போயிற்று. அந்த டிசம்பரிலிருந்து இண்டிகோ. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சத்தம் கேட்டால், சரி, இன்றைக்கு வந்துவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

அம்மா விஷயம்: வருவது ஏடிஆர் என்ற சின்ன விமானம், 78 சீட்டு, டெர்மினலிலிருந்து நேராக விமானத்துக்குள் நடக்கிற ஏரோபிரிட்ஜ் கிடையாது. வால் பக்கக் கதவு வழியாகத்தான் இறங்கணும். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள்.

வானூர்க்காரன்:
ரன்வே 1,500 மீட்டர்தான், ஏர்பஸ் வர வழியில்லை. நீட்ட வேண்டுமென்றால் எங்கள் வானூர் பக்கம் நிலம் வேண்டும், அது தமிழ்நாடு. நான் பள்ளிக்கூடம் போகும்போது ஆரம்பித்த பேச்சு, இப்போது என் பையன் போகிறான். பெரிய விமானம் வந்தால் டிக்கெட் விலை இறங்கும் என்கிறார்கள், வரட்டும், ஆனால் கொல்லையைக் கொடுக்கப்போவது நாங்கள்.

அரியாங்குப்பம் அக்கா:
தம்பி, ஐப்பசி மழையை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போதே மெசேஜ் வந்தது, விமானம் ரத்து என்று. பெட்டியோடு அப்படியே திரும்பி, வாடகைக் கார் பிடித்துச் சென்னை போனோம், டிக்கெட் காசு மட்டும் பத்து நாள் கழித்து வந்தது. அதனால் தீபாவளிக்கு முந்தின நாள் போடாதீர்கள், ரெண்டு நாள் முன்னாடியே வரச்சொல்லுங்கள். அப்புறம் கூப்பிடப் போகும்போது முருங்கப்பாக்கம் நெரிசலுக்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
நன்றி அக்கா. பாண்டிக்கே போட்டாயிற்று, மூன்று நாள் முன்னாடி. வீல்சேரும் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான், ஜன்னலோரம் கிடைக்குமா என்று.

லாஸ்பேட்டைவாசி:
ஏடிஆரில் றெக்கை மேலே இருக்கும் சார், எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தெரியும்.