பேக்கரி அடுப்புல வெந்த அம்மா ப்ளம் கேக், வீட்டு ஓடிஜில நடுவுல வேகல. உதவி பண்ணுங்க

ராயபுரத்துப் பொண்ணு (டிச. 8)

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும், கொஞ்சம் நீளமா எழுதுறேன், தெரிஞ்சவங்க பொறுமையா படிச்சு சொல்லுங்க.

எங்க வீட்ல கேக் கலக்குறது அம்மா, ஆனா வீட்ல வேக வெச்சதே கிடையாது. எங்க தெரு முனையில பழைய பேக்கரி ஒண்ணு இருந்துச்சு, விறகு அடுப்பு. டிசம்பர் பாதிக்கு மேல ராத்திரி அவங்க பன்னு ரொட்டி எல்லாம் எடுத்து முடிச்சதும் சுத்துப்பட்டு வீட்டு கேக் டின்லாம் உள்ள போகும், டின்னுக்கு இவ்வளவுன்னு கூலி, மேல பேர் எழுதின சீட்டு. காலைல போய் வாங்கிட்டு வருவோம். அந்த பேக்கரிய மூடிட்டாங்க. அம்மாவுக்கும் இப்போ முட்டி வலி, நின்னு கலக்க முடியல, கிச்சன்ல சேர் போட்டு உக்காந்து அவங்க சொல்ல சொல்ல நான் செய்றேன்.

அம்மா நோட்டுல இருக்கறது இது: வெண்ணெய் 1 பவுண்டு, சக்கரை 1 பவுண்டு, மைதா 1 பவுண்டு, முட்டை 10, ஊற வெச்ச பழம் ஒன்றரை கிலோ, கருக்கின சக்கரைப் பாகு 1 டம்ளர், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பட்டை கிராம்பு ஜாதிக்காய் பொடி. அவ்ளோதான். எவ்ளோ சூடு எவ்ளோ நேரம்னு ஒண்ணும் இல்ல, அதெல்லாம் பேக்கரிக்காரர் பாத்துப்பாரு.

என்கிட்ட இருக்கறது 28 லிட்டர் ஓடிஜி, கரண்ட்ல ஓடுற சின்ன ஓவன். 10 இஞ்ச் ரவுண்ட் டின்ல மொத்தமா ஊத்தி 180ல வெச்சேன். முக்கால் மணி நேரத்துல மேல நல்லா கருத்துடுச்சு, வாசனை கூட வந்துச்சு, ஆனா குச்சி விட்டா மாவா வருது. இன்னும் அரை மணி விட்டு எடுத்ததும் நடு அப்படியே உள்ள போயிடுச்சு, வெட்டினா நடுவுல களி மாதிரி, பழம் எல்லாம் அடியில. அம்மா ஒண்ணும் சொல்லல, ஓரத்த மட்டும் எடுத்து சாப்ட்டுட்டு ருசி சரியா இருக்குன்னாங்க.

20ஆம் தேதி எங்க தெருவுக்கு கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாடறவங்க) வருது, அதுக்குள்ள கேக் ரெடியா இருக்கணும். அதோட தீபாவளிக்கு பக்கத்து வீடுங்கள்ல இருந்து வந்த தட்டுக்கெல்லாம் நாங்க கிறிஸ்மஸுக்குத்தான் திருப்பி வெச்சு குடுப்போம், கடை கேக் வெச்சு குடுத்தா அம்மாவுக்கு மனசு ஒப்பாது. ரெசிபி அளவுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. அளவு மாத்தாம ஓடிஜில இத வேக வைக்க முடியுமா?

ஓவன் பிரியை

180 ரொம்ப அதிகம்ங்க, இவ்ளோ பழம் போட்ட கேக்குக்கு 150 தாண்டக் கூடாது. கண்டிப்பா டின்ன சின்னதாக்குங்க. ஓவன் உள்ள ஃபேன் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க.

பெரம்பூர் ஆன்ட்டி

கண்ணு, அளவு சரியா இருக்கு, அம்மா நோட்டுல ஒண்ணும் தப்பு இல்ல. எங்க ரயில்வே குவார்ட்டர்ஸ்ல எல்லா வீட்லயும் இதே பவுண்டு கணக்குதான். 1 பவுண்டுன்னா 454 கிராம், மூணுக்கும் அப்படியே எடைத் தராசுல வெச்சு எடு, அரை கிலோன்னு தோராயமா போடாத. 10 முட்டையும் ஓடு நீக்கினா கிட்டத்தட்ட ஒரு பவுண்டு வந்துடும், நம்ம ஊர் முட்டை சின்னதுதான், அதனாலதான் 10.

பழம் அடியில போனதுக்கு வேற காரணம் இருக்கும். வெண்ணெய எப்போ அடிச்ச? டிசம்பர்னாலும் நம்ம சென்னை கிச்சன்ல மத்தியானம் 29, 30 டிகிரி இருக்கும், அந்த சூட்டுல வெண்ணெய் எண்ணெய் மாதிரி இளகிடும், அப்புறம் எவ்ளோ அடிச்சாலும் காத்து நிக்காது. 20 டிகிரி கிட்ட இருக்கும்போதுதான் வெண்ணெயும் சக்கரையும் வெள்ளையா பொங்கி வரும். காலைல 6 மணிக்கு அடி, இல்லன்னா பாத்திரத்த ஐஸ் தண்ணில வெச்சு அடி, விரலால அழுத்தினா குழி விழணும் ஆனா பளபளன்னு இருக்கக் கூடாது. முட்டைய ஒண்ணு ஒண்ணா ஊத்து, திரியிற மாதிரி இருந்தா அளந்த மைதால இருந்தே ஒரு ஸ்பூன் போட்டுக்க.

அடுத்தது பழம். ஊற வெச்சத ராத்திரியே வடிகட்டில போட்டு வடிய விட்டுடணும், ரம்மோட அப்படியே கொட்டக் கூடாது. அதே மைதால ஒரு கைப்பிடி எடுத்து பழத்துல பிசிறி கடைசியா சேரு. வடிஞ்ச ரம்ம கொட்டிடாத, வெந்த கேக் மேல ஸ்பூன் ஸ்பூனா விடலாம். கருக்கின பாகும் தண்ணியா இருக்கக் கூடாது, ஆறினா தேன் பதத்துல இருக்கணும், ஒரு டம்ளர்னு நோட்டுல இருக்கறது அந்தக் காலத்து சின்ன டம்ளர், அம்மாகிட்ட எந்த டம்ளர்னு கேளு. சக்கரை கருகுன உடனே தண்ணி ஊத்தும்போது சுடு தண்ணியா ஊத்து, தள்ளி நின்னு ஊத்து, மேல தெறிச்சா கை வெந்துடும்.

ரொட்டி மாஸ்டர் மகன்

தங்கச்சி, எங்க அப்பா இதே மாதிரி விறகு அடுப்புல 30 வருஷத்துக்கு மேல மாஸ்டரா இருந்தவரு, அதனால அந்த அடுப்பு எப்படி வேலை செய்யும்னு சொல்றேன், அது புரிஞ்சா உங்க ஓடிஜிய என்ன பண்ணணும்னு தானா தெரிஞ்சிடும்.

விறகு அடுப்புன்னா கேக் வேகும்போது உள்ள நெருப்பே கிடையாது. சவுக்குக் கட்டைய உள்ள போட்டு சில மணி நேரம் எரிச்சு, செங்கல் வளைவு முழுக்க சூடு ஏறினதும் கங்க வெளிய தள்ளிட்டு ஈரச் சாக்கால தரையத் துடைச்சிடுவாங்க. அப்புறம் வேகுறது எல்லாம் செங்கல் வெச்சிருக்கற சூட்டுலதான். முதல் சூட்டுல ரொட்டி, பன்னு. சூடு இறங்க இறங்க பிஸ்கட். அதுக்கப்புறம் கேக். கடைசில விடிய விடிய ரஸ்க் காயும். உங்க வீட்டு கேக் ராத்திரி கடைசியா போனதுக்கு காரணம் அதுதான், அப்போ சூடு இறங்கிட்டே இருக்கும், திரும்ப ஏறவே ஏறாது. மேல கீழ பக்கவாட்டுல எல்லா பக்கமும் ஒரே சூடு. மூணரை கிலோ கேக்கு நடு வரைக்கும் நிதானமா வெந்து வரும், மேல கருகாது.

ஓடிஜி நேர் எதிர். டின்னுக்கு நாலு விரல் மேலயே சூடாகுற கம்பி, அதான் ராடு, இருக்கு. சூடு குறைஞ்சா ராடு திரும்ப செவக்கும், அப்போ மேல் பக்கத்துக்கு நேரா அனல் அடிக்கும். மேல ஓடு மாதிரி கெட்டியாயிடும், உள்ள பச்சையா இருக்கும், மாவு இறுகறதுக்கு முன்னாடி வெளிய எடுத்தா உள்ள இருக்கற ஆவி அடங்கி நடு உக்காந்துடும். பேக்கிங் பவுடர் மேல சந்தேகம் வேணாம், வேணும்னா ஒரு ஸ்பூன சுடு தண்ணில போட்டுப் பாருங்க, பொங்கினா நல்ல பவுடர்.

அதனால இப்படி செய்ங்க. மொத்த மாவையும் ஒரே தடவ கலக்குங்க, அம்மா அளவு மாறாது. 6 இஞ்ச் டின் மூணுல பிரிச்சு ஊத்துங்க, முக்கால் டின்னுக்கு மேல வேணாம். டின் உள்ள ரெண்டு மடிப்பு பிரவுன் பேப்பர், வெளியவும் சுத்தி ரெண்டு மடிப்பு பிரவுன் பேப்பர் கட்டி நூல் போடுங்க, அந்தப் பேப்பர்தான் உங்களுக்கு செங்கல் சுவர். மேல கீழ ரெண்டு ராடும் போட்டு 20 நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணுங்க. கேக்க கீழ் தட்டுல வைங்க, கேக்கோட நடு ஓவனோட நடுவுல வரணும். மேல் தட்டுல ஒரு காலி டிரேய வெச்சா ராடு அனல் நேரா இறங்காது. முதல் 20 நிமிஷம் 160, அப்புறம் 150, ஒரு மணி நேரம் ஆனதும் 140. இறங்குற சூடு, பேக்கரில நடந்த மாதிரியே. மொத்தம் ஒன்றரை மணி நேரம் கிட்ட பிடிக்கும், முதல் ஒரு மணி நேரம் கதவத் திறக்கவே திறக்காதீங்க.

வெந்துச்சான்னு பாக்க குச்சி மட்டும் நம்பாதீங்க, குச்சி பழத்துல குத்தினா ஈரமாத்தான் வரும், ரெண்டு மூணு எடத்துல குத்துங்க. அப்பா காதத்தான் நம்புவாரு. டின்ன வெளிய எடுத்து கிட்டப் போய் கேளுங்க, உள்ள புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தமா வந்துட்டே இருந்தா ஈரம் இன்னும் இருக்கு, திரும்ப உள்ள வைங்க. சத்தம் அடங்கி லேசா இருந்தா எடுத்துடலாம்.

ராயபுரத்துப் பொண்ணு

அண்ணா, அம்மாவுக்கு இத படிச்சு காட்டினேன், பேக்கரிக்காரரு எப்பவும் கடைசியாதான் கேக்க வாங்குவாரு, சீக்கிரமா போனா திட்டி அனுப்புவாருன்னு இப்போதான் சொல்றாங்க! டம்ளரும் கேட்டேன் ஆன்ட்டி, தாத்தா காபி குடிச்ச சின்ன பித்தளை டம்ளராம், நான் ஊத்தினது இப்போ இருக்கற பெரிய எவர்சில்வர் டம்ளர், அளந்து பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

ஒரு சந்தேகம், மூணு டின்னையும் ஒண்ணா உள்ள வைக்கலாமா?

ரொட்டி மாஸ்டர் மகன்

28 லிட்டர்ல வேணாம்மா. ரெண்டு வைங்க, நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், டின் சுவர்ல ஒட்டக் கூடாது. மூணாவது டின் மாவு ஒன்றரை மணி நேரம் காத்திருக்கணும், அதனால அந்தப் பங்குக்கு மட்டும் பேக்கிங் பவுடர தனியா வெச்சிருந்து ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் மைதாவோட கலந்துடுங்க.

கரண்ட் அண்ணாச்சி

நான் கேக் ஆள் இல்ல, எலக்ட்ரீசியன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஓடிஜி 1500 வாட்டுக்கு மேல இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்குல நேரா போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணாம். சாயங்காலம் எல்லா வீட்லயும் மோட்டார் ஓடுற நேரத்துல வோல்டேஜ் 230ல இருந்து 200க்கு இறங்கினா ராடு சூடு முக்கால் பங்குதான் வரும், கேக் வேக லேட்டாகும். காலைலயோ ராத்திரி 10 மணிக்கு மேலயோ வைங்க. அப்புறம் டயல்ல இருக்கற நம்பர நம்பாதீங்க, உள்ள தொங்க விடுற ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாதான், 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமா வரும்.

மயிலை மேரி

இழைல நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்ல ரம் சேக்க மாட்டோம், பழத்த எதுல ஊற வைக்கலாம்? அப்புறம் அச்சு முறுக்கு அச்ச விட்டு கழல மாட்டேங்குது, புது அச்சு.

பெரம்பூர் ஆன்ட்டி

மேரி, ஆரஞ்சு ஜூஸ் இல்லன்னா கருப்பு திராட்சை ஜூஸ்ல பழத்தப் போட்டு அடுப்புல சின்ன தீல ஜூஸ் வத்துற வரைக்கும் கொதிக்க விட்டு ஆற வெச்சு மறுநாளே கேக் போட்டுடு. ரம்ல ஊறினத மாசக்கணக்குல வெளிய வைக்கலாம், ஜூஸ்ல ஊறினத அப்படி வெச்சா நம்ம ஊர் புழுக்கத்துல நுரைச்சுடும், ஃப்ரிட்ஜ்தான். பழம் இனிமேதான் வாங்கணும்னா சவுகார்பேட்டை பக்கம் போ, கிஸ்மிஸ் முந்திரி டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் மொத்த வெலைல கிடைக்கும், ஆரஞ்சுத் தோல் மட்டும் வீட்லயே சக்கரைப் பாகுல காச்சிக்க, அந்த வாசனை வேற.

புது அச்ச ரெண்டு நாள் அரிசி கழுவின தண்ணில ஊற வெச்சு தேச்சு கழுவி, எண்ணெய் தடவி ஒரு ராத்திரி வெச்சுடு. சுடும்போது அச்சு எண்ணெய்லயே கெடந்து நல்லா காயணும், மாவுல முக்கால் அச்சு வரைக்கும்தான் முக்கணும், மேல மாவு ஏறிடுச்சுன்னா கழலவே கழலாது.

ராயபுரத்துப் பொண்ணு (டிச. 14)

வந்துடுச்சு! நேத்து விடியக்காலைல வெண்ணெய் அடிச்சு, அம்மா பக்கத்துல உக்காந்து பழம் பிசிறிக் குடுத்தாங்க, என் பையன் டின்னுக்கு நூல் கட்டினான். பித்தளை டம்ளர்லதான் பாகு அளந்தேன். தெர்மாமீட்டர் வாங்கினேன், டயல் 150ல வெச்சா உள்ள 170 காட்டுது, அதனால டயல 130ல வெச்சேன். 1 மணி 25 நிமிஷத்துல சத்தம் அடங்குச்சு, அம்மாதான் காது வெச்சு கேட்டாங்க, இன்னும் 10 நிமிஷம் வெய்யின்னாங்க, வெச்சேன். மேல நடு குழியல, வெட்டினா பழம் மேல இருந்து கீழ வரைக்கும் பரவி நிக்குது. அண்ணா, உங்க அப்பாவுக்கு என் அம்மா நன்றி சொல்லச் சொன்னாங்க.

கடைசியா ஒண்ணு, 20 வரைக்கும் எப்படி எடுத்து வைக்கிறது? இங்க விட்டு விட்டு மழை, பூசணம் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

பெரம்பூர் ஆன்ட்டி

ரொம்ப சந்தோஷம் கண்ணு. டின்லயே முழுசா ஆறட்டும், ஒரு ராத்திரி முழுக்க, லேசா சூடு இருக்கும்போது மூடினா உள்ள வேர்த்து அங்கதான் பூசணம் பிடிக்கும். அப்புறம் மேல நாலஞ்சு எடத்துல குச்சியால குத்தி வடிச்சு வெச்ச ரம்ம ரெண்டு ஸ்பூன் விடு. முதல்ல பட்டர் பேப்பர், அதுக்கு மேல ஃபாயில், காத்து போகாத டப்பா. டப்பாவ அடுப்பு பக்கத்துலயும் வைக்காத, ஈரச் சுவர் ஓரமாவும் வைக்காத. வெட்டினது ஃப்ரிட்ஜ்ல, வெட்டாதது வெளியவே இருக்கலாம். பக்கத்து வீடுங்களுக்கு குடுக்கறத 24ஆம் தேதி காலைலயே வெட்டி தட்டு போட்டுடு, சாயங்காலம் நீங்க எல்லாம் சர்ச்சுக்கு கெளம்பற அவசரத்துல முடியாது. முட்டை சாப்பிடாத வீட்டுக்கு கேக் வேணாம், கல்கல் (மாவுல பொரிக்கிற கிறிஸ்மஸ் பலகாரம்) ஒரு டப்பா வெச்சு குடு, அதுலயும் முட்டை போடாம பிசை.