வாடகை வீடும் நம் உரிமையும்: குடும்பக் குழுவில் பேசியது

தம்பி: பாளையங்கோட்டை வீடும் போச்சு. அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடித்தாச்சு. கடைசியில் "நீங்க என்ன ஆளுக?" என்றார். நம்ம சாதியைச் சொன்னேன். உடனே, நேற்றே வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்கிறார். டூலெட் போர்டு இன்னும் தொங்குகிறது.

அத்தை: அடுத்த வீட்டில் எதையாவது மாற்றிச் சொல்லிரு அய்யா. பள்ளிக்கூடம் திறக்கப் போகுது.

வக்கீல் மைனி: வேண்டாம் அத்தை. பொய் சொல்லிக் குடிபோனால் தினமும் பயந்துகொண்டே இருக்கணும். தப்பு நம் பக்கம் இல்லையே.

பெரியப்பா: வீடு அவருடையது. கொடுப்பது அவர் இஷ்டம்தானே மருமகளே?

வக்கீல் மைனி: இஷ்டம்தான் மாமா. ஆனால் தீண்டாமையால் மறுத்தால் குற்றம். 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4-ஆம் பிரிவு. எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்க விடாமல் தடுத்தால் 1 முதல் 6 மாதம் சிறை, அபராதமும் உண்டு. இதில் முக்கியமானது 12-ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், தீண்டாமைதான் காரணம் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு.

பெரியப்பா: இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாதே. மேலப்பாளையத்து முஸ்லிம் பையன்களுக்கும் வீடு தர மாட்டேன் என்கிறார்களே, அதற்கும் இதுதானா?

வக்கீல் மைனி: இல்லை மாமா. தனியார் வீட்டுக்காரர் மதத்தைச் சொல்லி மறுத்தால் கேட்க நேரடியான சட்டம் இல்லை. அது பெரிய அநியாயம். ஆனால் திருநங்கைகளுக்கு 2019 சட்டத்திலும், எச்ஐவி உள்ளவர்களுக்கு 2017 சட்டத்திலும் வீட்டு உரிமை தெளிவாகவே இருக்கிறது.

தம்பி: என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லையே மைனி?

வக்கீல் மைனி: போர்டைப் போட்டோ எடு. போன் பேசிய விவரத்தை அழிக்காதே. "வீடு காலியா?" என்று உன் நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல். காலி என்று சொன்னால் அவரே சாட்சி. அப்புறம் போலீசில் எழுத்தில் புகார் கொடு, ரசீது வாங்கு. வன்கொடுமைப் புகாருக்கான உதவி எண் 14566-க்கும் சொல்லலாம். சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

அத்தை: அடுத்த வீட்டிலும் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்களே?

வக்கீல் மைனி: 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறிவிடும். அதனால் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே தம்பி.

தம்பி: சரி மைனி. சாயங்காலம் நண்பனைக் கேட்கச் சொல்கிறேன்.

பெரியப்பா: ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதே. நானும் வருகிறேன்.