பாதியில் அறுந்த அழைப்புகள்: வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பேசியவர்கள் எழுதுங்கள்

விடுதிவாசி:
சுரண்டும் தொலைபேசி அட்டைக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போனவன் நான். ரகசிய எண்ணைச் சுரண்டி எடுத்து, இலவச எண்ணை அழைத்து, அதை அழுத்தி, பிறகு நாட்டுக் குறியீட்டோடு வீட்டு எண். உங்களுக்குத் தெரியாததல்ல. விடுதி மாடிப்படிக்கு அடியில் இருந்த பொதுத் தொலைபேசியில் அன்று பதிவுக் குரல் "உங்களிடம் நாற்பது நிமிடங்கள் உள்ளன" என்றது. அம்மா பேசினார், தங்கை பேசினாள், பிறகு அப்பா வாங்கினார். அப்பா தொலைபேசியில் பேசுகிறவர் அல்லர். "நன்றாக இருக்கிறாயா, சரி" என்று உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்று கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்" என்றார். அந்தச் சொற்களின் மேலேயே பதிவுக் குரல் வந்து விழுந்தது: "ஒரு நிமிடம் உள்ளது." பேசத் தொடங்கிப் பதினோரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. பதறிப்போய் "சீக்கிரம் சொல்லுங்கள் அப்பா" என்றேன். அவர் "அவசரம் ஒன்றுமில்லை, அது வந்து..." என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அறுந்துவிட்டது.

நாற்பது பதினொன்றானது எப்படி என்று பிறகுதான் விளங்கியது. அந்தக் குரல் சொன்ன கணக்கில் இணைப்புக் கட்டணம் சேராது, பொதுத் தொலைபேசிக்கான தனிப்பிடித்தம் சேராது, பேசிய நேரத்தை மூன்று மூன்று நிமிடங்களாக ஏற்றிக் கழிப்பதும் சேராது. எல்லாம் அட்டையின் பின்புறம் எறும்பு எழுத்தில் இருந்தது. அடுத்த வாரம் அழைத்தபோது அப்பா "ஒன்றுமில்லை" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவர் சொல்ல வந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்றாம் ஷிப்டு:
என்னுடையது ரோமிங், அதாவது சொந்த நாட்டுச் சிம்மையே வெளிநாட்டிலும் பயன்படுத்துவது. பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன், ஊர்ச் சிம்மே கைப்பேசியில் இருந்தது. அம்மா அழைத்தபோதெல்லாம் வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. எடுக்காத அழைப்புக்கு என்ன கட்டணம் என்று நினைத்திருந்தேன். அழைப்பு நான் இருந்த நாடு வரை வந்து, நான் எடுக்காததால் செய்தியைப் பதிந்து வைக்கும் குரலஞ்சலுக்காக மறுபடியும் சொந்த நாட்டுக்கே திரும்பியிருக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் இரண்டு சர்வதேச அழைப்புகளாகப் பட்டியலில் ஏறியிருந்தது.

பணம் போனது ஆறிவிட்டது. அந்தக் குரலஞ்சல்களைத் திறந்து கேட்டேன், மூன்று இருந்தன. அம்மாவுக்கு அதில் செய்தி சொல்ல வேண்டும் என்று தெரியாது. மூன்றிலும் அவருடைய மூச்சொலி மட்டும். மூன்றாவதின் கடைசியில், பக்கத்தில் யாரிடமோ, "எடுத்துவிட்டான் போலிருக்கிறது, ஆனால் பேச மாட்டேன் என்கிறான்" என்கிறார். இப்போது எங்கே கிளம்பினாலும் விமானம் ஏறும் முன் ##002# அழுத்தி எல்லா அழைப்புத் திருப்பல்களையும் நீக்கிவிடுகிறேன்.

கணக்கர்:
விடுதிவாசி அவர்களே, அட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. எறும்பு எழுத்தை முதலிலேயே படித்திருக்க வேண்டும். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது, பாட்டியின் பிறந்த நாளன்று. அதன்பின் நடக்க விடவில்லை. புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எண்கள் எல்லாவற்றையும் பிளஸ் குறி, நாட்டுக் குறியீட்டோடு, எண்ணின் முன்னால் வரும் சுழியத்தை நீக்கிச் சேமித்து வையுங்கள்; சில நாடுகளில் வெளிநாட்டு அழைப்புக்கு 00, அமெரிக்காவில் 011, பிளஸ் போட்டால் கைப்பேசியே பார்த்துக்கொள்ளும். இரண்டு சிம் போடும் கைப்பேசியென்றால் வீட்டுச் சிம்மை வங்கிக் குறுஞ்செய்திக்கு மட்டும் விட்டுவிட்டு, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்து, போன இடத்துச் சிம்மிலோ இ-சிம்மிலோ (அட்டை செருகாமல் கைப்பேசியிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) இணையம் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நாட்டுத் தொலைபேசி நிறுவனம் வைஃபை அழைப்பு (உங்கள் எண்ணிலேயே வைஃபை வழியாகப் பேசுவது) தருகிறதா, வெளிநாட்டில் இருக்கும்போது அதை உள்நாட்டு அழைப்பாகக் கணக்கிடுகிறதா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் முதல் கூடுதல் ரோமிங் கட்டணம் நீங்கியது உண்மை, ஆனால் அது ஒன்றிய நாடுகளின் சிம்முக்குத்தான். வேறு நாட்டுச் சிம்மோடு போய் அதை நம்பியவர்களை நான் அறிவேன். இணைப்பு மெதுவாக இருந்தால் முதலில் படத்தை நிறுத்துங்கள், குரலுக்கு அதிகம் தேவையில்லை: பழைய தொலைபேசித் தரத்துக்கு விநாடிக்கு 64 கிலோபிட், ஜி.729 முறையில் சுருக்கினால் 8 கிலோபிட். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஸ்கைப் என்ற இணைய அழைப்புச் செயலியைத் தேட வேண்டாம், 2003இல் வந்தது 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் 2015 முதலே பேசலாம். இவ்வளவு வசதி இருக்கும்போது இந்தப் பேச்சே தேவையில்லை என்பது என் கருத்து.

ஒற்றைச் சன்னல்:
கணக்கர் ஐயா, நீங்கள் சொன்ன எல்லாமே எதிர்முனையிலும் இணையம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொன்னவை. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற இடங்களில் வாட்ஸ்அப் அழைப்பே போகாது, அனுமதி பெற்ற செயலிகள் மட்டும்தான். என் பெரியம்மாவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. அவரை இணையத்துக்கு வா என்று நான் எப்படிச் சொல்வேன்?

அவருக்காகவே நிமிடக் கட்டணம் மிகக் குறைந்த ஒரு சேவையில் பணம் கட்டினேன். அப்படிப்பட்ட சேவைகள் சிலவற்றில் அழைப்பு முறையான சர்வதேச வழியில் போவதில்லை. அந்த நாட்டிலேயே பெட்டி நிறையச் சிம்களை அடுக்கி வைத்து, இணையம் வழியே வந்ததை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தள்ளுகிறார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு உள்ளூர் எண் தெரியும். அறிமுகமில்லாத எண்ணை எடுக்காதீர்கள், ஏமாற்றுகிறார்கள் என்று பெரியம்மாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லி வைத்தவள் நான்தான்.

அவர் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு ஏழு முறை அழைத்தேன். ஏழு முறையும் துண்டித்தார். ஆறாவது முறை மட்டும் எடுத்து, நான் வாய் திறப்பதற்குள், "யார் நீங்கள்? என் பெண் வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிற நேரம் இது, லைனை விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தார். எட்டாவதாக என் சொந்தச் சிம்மில் முழுக் கட்டணத்தில் அழைத்திருக்கலாம். தோன்றவே இல்லை. நல்லபடியாகப் பிழைத்து வந்தார், அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பழைய டிரங்க்கால்:
எண்பதுகளில் பேசியவன் நான். தொலைபேசி நிலையத்தில் அழைப்பை முன்பதிவு செய்துவிட்டு இணைப்புக்காகக் காத்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று நிமிடத்துக்குப் பணம். என் அழைப்பு செயற்கைக்கோள் வழியாகப் போனது. செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். குரல் ஏறி இறங்கக் கால் விநாடி, பதில் ஏறி இறங்க இன்னொரு கால் விநாடி. (ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல்.) நான் "சொல்" என்பேன், தங்கையும் "சொல்" என்பாள், இருவரும் நிறுத்துவோம், மறுபடி இருவரும் தொடங்குவோம்.

அவளுக்குத் திருமணமாகி அப்போது நான்கு மாதம். "சந்தோஷமாக இருக்கிறாயா?" என்று கேட்டேன். ஓர் இடைவெளி. பிறகு "இருக்கிறேன் அண்ணா" என்றாள். அந்த இடைவெளி செயற்கைக்கோளுடையதா, அவளுடையதா? அன்று அதற்குமேல் கேட்க நேரம் இல்லை. பிறகு நேரில் கேட்டபோது சிரித்தாள். 1988இல் அட்லாண்டிக்கின் அடியில் முதல் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது; அதன்பின் கடலடிக் கேபிள்கள் பெருகி அந்தத் தாமதம் மறைந்தது. அவள் மணவாழ்க்கை அதற்கு முன்பே முறிந்திருந்தது.

விடுதிவாசி தம்பிக்கு ஒன்று: "ஒரு நிமிடம் உள்ளது" என்ற குரல் அழைத்தவர் காதில் மட்டும்தான் விழும். உங்கள் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. அவர் இருக்கிறார் என்றால் கேட்டுவிடுங்கள்.

கணக்கர்:
ஒற்றைச் சன்னல் சகோதரி, பொத்தான் கைப்பேசியை நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எறும்பு எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

விடுதிவாசி:
டிரங்க்கால் ஐயா, நேற்று இரவு கேட்டேன். அப்பாவுக்கு அந்த அழைப்பு நினைவிருக்கிறது. சொல்ல வந்தது என்ன என்பது மறந்துவிட்டதாம். "நீதான் சீக்கிரம் சொல்லுங்கள் என்றாயே. நான் இழுத்து இழுத்துப் பேசினேன், நீ வைத்துவிட்டாய்" என்றார். நான் வைக்கவில்லை, அட்டை தீர்ந்துவிட்டது என்று விளக்கினேன். அந்தப் பதிவுக் குரலைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, நேற்றைய இணைப்பில் தாமதமும் இல்லை. பிறகு, "அப்படி ஒரு குரல் எனக்குக் கேட்கவே இல்லையே" என்றார்.