டாம்பிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல்: ஒடுக்கமா, தணிப்பா?

மடல் 1: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களின் சஸ்பென்ஷனைப் புதிய மாடல்களின் உதிரிபாகங்களைக் கொண்டு மேம்படுத்துவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பு பயிலும் மாணவர்களுக்கான நூல்; வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் சஸ்பென்ஷன் ‘இடைநீக்கம்’ ஆகிவிடுகிறது, முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஃபோர்க் ‘முள்கரண்டி’ ஆகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்குக்குச் ‘சுருள்வில்’ இருக்கிறது. அதோடு இணைந்தே வரும் டாம்பிங்குக்குத்தான், அதாவது வில்லின் அலைவை எண்ணெயின் எதிர்ப்பால் அடக்குவதற்குத்தான், எல்லோரும் ஏற்கும் சொல் அகப்படவில்லை.

நூலின் நடு அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு சொல்லை நம்பி நிற்கிறது. பழைய வண்டிகள் பலவற்றின் முன் ஃபோர்க்கில், அளவு மாறாத துளைகளின் வழியே எண்ணெய் பாய்கிறது. சக்கரம் மெதுவாக ஏறி இறங்கும்போது அந்தத் துளைகள் போதிய எதிர்ப்பைத் தருவதில்லை. அதனால் பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்பக்கம் சட்டென்று தாழ்கிறது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் வேகமாக மோதும்போதோ, அதே துளைகளில் எண்ணெய் புகமாட்டாமல் முட்டிக்கொள்ள, அடி நேரே ஹேண்டில்பாருக்கு வந்து சேர்கிறது. புதிய மாடல்களின் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் துளைகளின் மேல் மெல்லிய எஃகு வளையங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன; எண்ணெயின் அழுத்தம் ஏற ஏற அவை வளைந்து வழிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை விளக்க எனக்கு மூன்று சொற்கள் தேவை: பொதுவாக டாம்பிங்; சக்கரம் மேலே ஏறி வில் அமுங்கும்போது நிகழும் கம்ப்ரெஷன் டாம்பிங்; வில் திரும்ப விரியும்போது நிகழும் ரீபவுண்ட் டாம்பிங். ஒடுக்கம், தடையுறுத்தல், தணிப்பு, அதிர்வடக்கம் ஆகிய நான்கும் இப்போது கைவசம் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர்,

‘ஒடுக்கம்’ என்பதே என் தேர்வு. அலைவு ஒடுங்குகிறது, எண்ணெய் அதை ஒடுக்குகிறது, ஒடுக்கும் கருவி ஒடுக்கி ஆகிறது. தன்வினை, பிறவினை, கருவிப்பெயர் மூன்றையும் ஒரே வேரிலிருந்து தடங்கலின்றித் தரும் சொல் எளிதில் வாய்ப்பதில்லை. ஒல்கு, ஒசி, ஒடி, ஒடுங்கு எல்லாம் வளைதலையும் தளர்தலையும் குறிக்கும் ஓரினச் சொற்களாகவே எனக்குப் படுகின்றன. வளைந்து வழிவிடும் எஃகு வளையங்களைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த வேரே கண்முன் நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சைவ சித்தாந்தம் உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று பேசும்போது, ஒடுங்குதல் என்பது இல்லாமற் போவது அன்று. காரியம் தன் காரணத்துள் அடங்குவது. வில்லின் அலைவும் இல்லாமற் போவதில்லையே, எண்ணெயில் வெப்பமாக அடங்குகிறது. இயற்பியலும் மெய்யியலும் ஒரே சொல்லில் பொருந்தி வரும் இடத்தை நாம் கைவிடலாகாது.

மடல் 3: பணிமனை நடத்துபவர்

ஐயா, வணக்கம். அலைவு வெப்பமாக அடங்குகிறது என்ற தங்கள் விளக்கத்தை வகுப்பிலேயே சொல்லலாம். ஆனால் எங்கள் தொழிலில் ஒடுக்கு என்றால் தகடு அடிபட்டு உள்வாங்கியிருப்பது. டேங்கில் ஒடுக்கு விழுகிறது. ஒடுக்கு எடுக்கக் கொடுக்கிறோம். ‘ஃபோர்க்கில் ஒடுக்கம் குறைவு’ என்று கையேடு சொன்னால், படிக்கும் பையன் குழாயைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒடுக்கு எதுவும் இல்லை என்று மேலே போய்விடுவான். பழைய ஃபோர்க் குழாய்களில் ஒடுக்கு விழுவதும் உண்மையான பழுதுதான் என்பதால், இரண்டு சொல்லும் ஒரே பக்கத்தில் வரும்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதைச் சொல்தான் தீர்மானிக்கிறது. வில்லையும் எண்ணெயையும் சேர்த்து ‘ஷாக்’ என்ற ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். வண்டி குதிக்கிறது என்று ஒருவர் வந்தால், ஷாக் போய்விட்டது என்கிறோம். கடினமான வில்லை வாங்கிப் போடுகிறோம். கடினமான வில் இன்னும் வேகமாகத் திரும்பி விரியும். அதைப் பிடித்து நிறுத்த முன்னைவிட அதிக ரீபவுண்ட் டாம்பிங் வேண்டும். எண்ணெய்ப் பகுதி பழையதாகவே இருந்தால் வண்டி முன்னிலும் மோசமாகக் குதிக்கும். வில்லின் வேலை தாங்குவது, எண்ணெயின் வேலை அமைதிப்படுத்துவது என்று இரண்டு பெயர்கள் முதல் நாளே மாணவனின் வாயில் ஏறிவிட்டால், இந்த வீண்செலவு நேராது.

ப்ரீலோடு, அதாவது வில்லை முன்கூட்டியே சற்று அமுக்கி வைப்பது, அந்த விஷயமும் இதே போன்றதுதான். ஷாக்கை ‘டைட்’ வைப்பது என்று சொல்லிச் சொல்லி, வில்லை அமுக்கும் வளையத்தைத் திருகினால் வில் கடினமாகிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். சீரான சுருள்களைக் கொண்ட வில்லில் அப்படி எதுவும் ஆவதில்லை. ஒரு மில்லிமீட்டர் அமுங்க வேண்டிய எடை அதேதான். வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. அருள்கூர்ந்து ‘முன்னிறுக்கம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘முன்னமுக்கம்’ என்றால் நடப்பதையே சொன்னதாகும். ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதற்கு ‘அமர்வு’ போதும். ஷாக் உட்கார்ந்துவிட்டது என்றுதான் நாங்களும் சொல்கிறோம். சக்கரம் மேலும் கீழும் அசையும் முழுத் தூரம் 120 மி.மீ. என்றால், அமர்வு 30 முதல் 35 மி.மீ. வரை இருக்கலாம் என்பது சாலை வண்டிகளுக்கான பொதுக் கணக்கு.

மடல் 4: இயற்பியல் ஆசிரியை

பள்ளி நூல்களில் ‘தடையுறு அலைவு’ என்று இருக்கிறது. அதை மாணவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். ஆயினும் அந்தத் தொடர் அலைவின் பக்கம் நின்று பேசுகிறது. அதைச் செய்யும் கருவிக்குத் ‘தடையுறுத்தி’ என்று பெயர் வைத்தால் நாக்கு இடறும். தடை என்றதும் நிறுத்துவதுதான் மனத்தில் தோன்றும். டாம்பிங்கின் நோக்கம் நிறுத்துவது அன்று, அளவுக்குக் கொண்டுவருவது.

அதனால்தான் ‘தணிப்பு’ எனக்குச் சரியாகப்படுகிறது. சினமும் தாகமும் வெயிலும் தணிகின்றன. ஏறி நின்ற ஒன்று சிறிது நேரம் எடுத்துத் தன் அளவுக்கு இறங்குவதை அச்சொல் குறிக்கிறது. தானே இறங்கினால் தணிவு, ஒன்று இறக்கினால் தணிப்பு, இறக்கும் கருவி தணிப்பான் என்று பிரித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. காய்ச்சலைத் தணிக்கும் மருந்தைப் போலவே இதற்கும் சரியான அளவு உண்டு. ரீபவுண்ட் டாம்பிங் மிகையானால், அடுத்த மேடு வருவதற்குள் வில் விரிந்து முடிக்காது. தொடர்ச்சியான மேடுபள்ளங்களில் ஒவ்வொரு மேட்டுக்கும் சற்றுச் சற்றாகத் தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் அமுங்குவதற்கு இடமே இல்லாமல் சக்கரம் இறுகி நின்றுவிடும். இதை ‘மிகைத்தணிப்பு’ என்றால் ஒரு மாணவனுக்கும் விளக்கம் தேவைப்படாது. கம்ப்ரெஷன் டாம்பிங் ‘அமுங்குதணிப்பு’, ரீபவுண்ட் டாம்பிங் ‘எழுதணிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவு மாறாத துளையின் வழியே வேகமாகப் பாயும் எண்ணெயின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது என்பதையும் அத்தியாயத்தில் சேருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பழைய ஃபோர்க் மெதுவான அசைவில் தளர்ந்தும் வேகமான அசைவில் விறைத்தும் இருப்பதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம் சொல்லிவிடும்.

மடல் 5: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மையார் ‘எழுதணிப்பு’ என்று அமைத்தது வினைத்தொகை, இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் அதைப் படிப்பவன் ‘எழுது’ என்று பிரித்து, மிச்சம் என்ன என்று திகைப்பான். ‘மீள்தணிப்பு’ எனலாம். அதிலும், நிலைமொழி ஈற்று ளகரத்தின் முன் தகரம் வந்தால் டகரமாகத் திரியும் என்பது விதி. வாள் தீது என்பது வாடீது ஆவது போல, மீள்தணிப்பு மீடணிப்பு ஆக வேண்டும். ‘மீள்திறன்’, ‘மீள்தன்மை’ என்று இன்று எல்லோரும் பிரித்தெழுதுவதை அறிவேன். பெருவழக்காகிவிட்டது என்பதற்காக விதி இல்லை என்று ஆகிவிடாது. பணிமனை நண்பர் சொன்ன ஒடுக்கு வழக்கை மறுக்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பதைத் தமிழ் என்றும் தாங்கியே வந்திருக்கிறது.

ஃபோர்க்கை ஏன் அப்படியே விடுகிறோம் என்றும் கேட்கிறேன். ‘கவை’ இருக்கிறதே! கிளை பிரிந்த கொம்பு கவை. இரண்டு கால்கள் சக்கரத்தை நடுவில் பற்றி நிற்பதை அதைவிடச் செம்மையாகச் சொல்ல முடியாது.

மடல் 6: வாகனப் பொறியாளர்

கவை என்றதும் முல்லைப்பாட்டு நினைவுக்கு வருகிறது. பாசறையில் யானையைப் பழக்கும் இளைஞர்கள் கையில் கவைமுட் கருவியை வைத்துக்கொண்டு, யானைக்கு வடமொழிச் சொற்களைப் பயிற்றுவித்துக் கவளம் ஊட்டுகிறார்கள். கருவிக்குத் தமிழ்ப்பெயர், தொழிலின் ஆணைச்சொற்களோ வேற்றுமொழி. இரண்டையும் ஒரே அடியில் சேர்த்துப் பாட அந்தப் புலவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இசையச் செய்து ஏற்கலாம் என்று தொல்காப்பியமே வழிவிடுகிறது. டாம்பிங், ரீபவுண்ட் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மாணவன் நாளை உதிரிபாகம் கேட்டுப் போகும் இடத்தில் மீள்தணிப்பு என்றால் யாருக்குப் புரியும்?

மடல் 7: பணிமனை நடத்துபவர்

பொறியாளர் தம்பிக்கு ஒரு விடை. தயாரிப்பாளர்களிடமே ஒரே பெயர் இல்லை. சில ஃபோர்க்குகளின் திருகில் ரீபவுண்டுக்கு ‘டென்’ என்று பொறித்திருக்கும், அதாவது டென்ஷன். வேறு சிலவற்றில் வெறும் ஆர் என்ற எழுத்து. ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்த பையன் அங்கே விழிக்கிறான். விரியும்போது நடப்பது மீள்தணிப்பு என்று புரிந்துகொண்டவன் எந்த எழுத்தைப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான்.

கவையை ஏற்கிறேன். சஸ்பென்ஷனுக்குத் ‘தாங்கமைப்பு’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பேரிங்குக்குத் ‘தாங்கி’ என்று பாடநூலில் வைத்தாயிற்று; கவை மாற்றும் வேலை தொடங்குவதே அந்தத் தாங்கியில்தான். பழைய கவைக்குழாய் 41 மி.மீ. என்றால் புதியது 43 மி.மீ. ஆக இருக்கும். தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ்க் கவையாக இருந்தால், கவையை வண்டியின் கழுத்தோடு (ஹேண்டில் திரும்பும் இடத்தோடு) இணைக்கும் கிளாம்ப் பிடிக்கும் மேற்குழாய் 50 மி.மீ.க்கும் மேல். ஆகவே கிளாம்ப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதன் நடுத்தண்டு பழைய வண்டியின் கழுத்திலுள்ள தாங்கிக்குப் பொருந்த வேண்டும். ‘தாங்கமைப்பை மாற்றுமுன் தாங்கியை மாற்றுக’ என்று எழுதினால் எது எது என்று யாருக்கும் விளங்காது.

கிளாம்ப் மாறினால் ஆஃப்செட் (ஹேண்டில் திரும்பும் அச்சுக்கும் கவைக்குழாய்களுக்கும் இடையிலுள்ள தூரம்) மாறும் என்பதை நூல் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கழுத்தின் சாய்வு 25 பாகையாக உள்ள வண்டியில் ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்தால், ட்ரெயில் (அந்த அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) ஏறக்குறைய 11 மி.மீ. கூடி, ஹேண்டில் கனத்துவிடும். புதிய கவை 25 மி.மீ. குட்டையாக இருந்து, சக்கரங்களின் இடைத்தூரம் 1,400 மி.மீ. என்றால், சாய்வு ஏறக்குறைய 1 பாகை நிமிர்ந்து, ட்ரெயில் குறைந்து, வேகத்தில் வண்டி நிலைகொள்ளாமல் போகும். வாங்குவதற்கு முன்பே இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். பொருத்திய பிறகு தெரிந்தால் பயனில்லை.

மடல் 8: கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் இதுவரை வந்த கருத்துகளைக் கொண்டு முடிவு செய்கிறேன். டாம்பிங் ‘தணிப்பு’, டாம்பர் ‘தணிப்பான்’, மற்ற இரண்டும் ‘அமுங்குதணிப்பு’, ‘மீள்தணிப்பு’. ப்ரீலோடு ‘முன்னமுக்கம்’, ஃபோர்க் ‘கவை’. ஒவ்வொன்றும் முதன்முதலில் வரும் இடத்தில் வழக்கிலுள்ள ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். சஸ்பென்ஷனை அப்படியே விடுகிறேன். தோல்வார்களில் வண்டியின் உடலைத் தொங்கவிட்ட கோச்சு வண்டிக் காலத்துப் பெயர் அது. இன்றைய மோட்டார் சைக்கிளில் தொங்குவது எதுவும் இல்லாததால் ‘தொங்கலமைப்பு’ என்று பெயர்க்க மனம் வரவில்லை. புணர்ச்சி குறித்து ஐயா என்னைப் பொறுத்தருள வேண்டும். பெரும்பான்மை மீள்தணிப்பின் பக்கம் இருக்கிறது.

மடல் 9: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அச்சுக்குப் போகட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். தணிப்பு என்று படிக்கும் மாணவன், அந்த அலைவு எங்கே போயிற்று என்று கேட்கமாட்டான். தணிந்துவிட்டது என்று இருந்துவிடுவான். ஒடுக்கம் என்றால் எதனுள் ஒடுங்கிற்று என்ற கேள்வி தானே எழும். அந்தக் கேள்வி இந்தத் தொழிலுக்குத் தேவை என்றே கருதுகிறேன். கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி இளகும், இளகினால் தணிப்புக் குறையும் என்று பணிமனை நண்பர் என்னிடம் தனிமடலில் எழுதியிருக்கிறார். புதிய தணிப்பானைப் பொருத்திக் குளிர்ந்த வண்டியில் திருகை அமைத்துவிட்டு அதோடு விடுபவனுக்கு அது தெரிய வேண்டும். சொல்லை மாற்றாவிட்டாலும், அந்த வெப்பத்தைப் பற்றி ஒரு பத்தியை நடு அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.