புதுப்பிப்பு: இரவுச் செபத்தில் மனம் அலைபாய்வது (மட்டக்களப்பு)

சென்ற மாதம் கேட்டது: படுக்கப் போகுமுன் செபமாலை சொல்கையிலும் வீட்டுக் கவலைகள் ஓடுகின்றன, என்ன செய்யலாம்? பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சரிவந்தது, கல்முனை அக்கா சொன்ன திருப்பாடல் 131 (விவிலியத்தில் உள்ள செபப் பாடல்). மூன்றே வசனம். பழைய மொழிபெயர்ப்பில் தேடுபவர்கள் 'சங்கீதம் 131' என்று பாருங்கள். பால்குடி மறந்த பிள்ளை தாய்மடியில் கிடப்பதுபோல என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மூச்சு அடங்கும்வரை அந்தச் சொல்லிலேயே இருக்க வேண்டும். பிறகு இன்னும் இரண்டு தரம், வாய்விட்டு, மெதுவாக. மொத்தம் 15 நிமிடம் போதும்.

முதலில் கவலைகளைக் கொப்பியில் ஒவ்வொரு வரியாக எழுதி மூடிவிடுங்கள். எழுதாவிட்டால் இரண்டாம் வசனத்திலேயே அவை திரும்பி வரும். கட்டிலில் வேண்டாம், நித்திரை வந்துவிடும். கதிரையில் நிமிர்ந்து இருங்கள். போன் அடுத்த அறையில். போனில் பாட்டுப் போட்டுச் செபிக்கும் யோசனை பலிக்கவில்லை, இடையில் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது.

எதிர்பாராதது ஒன்று. அமைதி கூடக்கூட, பேசாமல் விட்ட உறவு ஒன்றுதான் முன்னுக்கு வந்து நின்றது. இதைச் செபத்தால் அமுக்கப் பார்க்கக்கூடாது. மத்தேயு 5:23-24 சொல்கிற ஒழுங்கு தெளிவு: முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு காணிக்கை. போய்ப் பேசிய அன்றிரவு அந்த வரி கொப்பியில் இல்லை. கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பூசைக்குச் சற்று முன் போனால் அவசரமாகிவிடும்.